தொள்ளாயிரம் டாலரும் ஒரு தவளையும்

‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் உனக்குப் பிடித்த எபிசோட் எது என்று யார் கேட்டாலும் பல வருடங்களாக ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: ‘பார்ட் வெர்சஸ் ஆஸ்திரேலியா’. ஆறாவது சீசன். 1995 பிப்ரவரி 19 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. எழுதியவர்கள் பில் ஓக்லியும் ஜாஷ் வைன்ஸ்டைனும். இயக்கியவர் வெஸ் ஆர்ச்சர். நான் பார்த்தது அதற்கு எட்டு வருடம் கழித்து, கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டல் அறையில், பதினைந்து இன்ச் மானிட்டரில். சப்டைட்டில் கிடையாது, பாதி வசனம் புரியாது. ஆனாலும் ஆறு பேர் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன மாதம் அதை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை மெல்பர்னில், வீட்டு சோஃபாவில், பக்கத்தில் ஒன்பது வயது மகள். சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் வருகிற இடங்கள் மாறியிருந்தன. ஓரிடத்தில் சுத்தமாக வரவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாஷ்பேசினில் தண்ணீர் சுழன்று வடிவதைப் பார்ட் சிம்ப்சன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான். வட கோளத்தில் தண்ணீர் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சுழலும், தென் கோளத்தில் அதற்கு எதிர்ப்பக்கம் சுழலும் என்கிறாள் தங்கை லிசா. பார்ட் நம்பவில்லை. உலக உருண்டையை எடுத்துவைத்துக்கொண்டு தெற்கே இருக்கிற தேசங்களுக்கெல்லாம் போன் போடுகிறான். கடைசியில் ஆஸ்திரேலியாவின் ஏதோ ஒரு பொட்டல் காட்டில் ஒரு வீடு. எடுப்பது டோபியாஸ் என்கிற சின்னப் பையன். ‘சர்வதேச வடிகால் ஆணையத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்துச் சொல்’ என்று பார்ட் கெத்தாகக் கேட்க, பையன் நம்பிப் போகிறான். தன் வீட்டில் மட்டும் அல்ல, அக்கம்பக்கத்திலும். அந்த ஊரில் பக்கத்து வீடு என்பதே வெகுதூரம். லைன் ஆறு மணி நேரம் ஓடிவிடுகிறது. அது கலெக்ட் கால், அதாவது காசு கட்டவேண்டியது கூப்பிட்டவன் அல்ல, எடுத்தவன். பையனுடைய அப்பா புரூனோவுக்குத் தொள்ளாயிரம் டாலர் பில் வருகிறது.

இந்த இடத்தில் நம்மூர்க்காரன் ஒருவன் சிரிப்பதற்கும் அமெரிக்கன் சிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன். எஸ்டிடி பூத் வைத்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். கண்ணாடிக் கதவு, குட்டி ஃபேன், தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். மஸ்கட்டில் இருந்த மாமாவுக்கு அப்பா ஐஎஸ்டி போடும்போது பேச்சைவிட மீட்டரைத்தான் அதிகம் கவனிப்பார். “நல்லா இருக்கியா, எல்லாரும் நல்லா இருக்காங்க, வச்சிடறேன்.” அவ்வளவுதான் உரையாடல். ஆறு மணி நேரம் என்று புரூனோ அலறும்போது ஹாஸ்டல் அறையில் ஒருத்தன் “ஐயோ” என்று உண்மையாகவே நெஞ்சில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அவன் அப்பா பூத் நடத்திக்கொண்டிருந்தார்.

புரூனோ பார்ட்டுக்குப் போன் செய்து பணத்தைக் கேட்கிறார். பார்ட் கிண்டலடிக்கிறான். அதில் ஒரு வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். புரூனோ பக்கத்து வீட்டுக்காரரிடம் முறையிடுகிறார், அவர் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் நேராகப் பிரதமரிடம் போகிறார். பிரதமர் குளத்தில் டியூபின் மேல் மல்லாந்தபடி பீர் குடித்துக்கொண்டிருக்கிறார். விவகாரம் அமெரிக்க வெளியுறவுத் துறை வரை போய்விடுகிறது. ஃபில் ஹார்ட்மன் குரல் கொடுத்த அதிகாரி ஒருவர் சிம்ப்சன் வீட்டுக்கே வந்து ஸ்லைடு போட்டு விளக்குகிறார்: எண்பதுகளின் கடைசியில் அமெரிக்கர்களுக்கு ஆஸ்திரேலியா மேல் கொஞ்ச நாள் மோகம் இருந்தது, பாவம் அவர்கள் அது நிரந்தரம் என்று நம்பிவிட்டார்கள். ‘க்ரொக்கடைல் டண்டீ’ படம் ஓடி முடிந்ததைப் பற்றிய இந்த ஒரு ஸ்லைடு, வல்லரசின் கவனம் என்பது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு நான் பார்த்ததிலேயே கச்சிதமான விளக்கம். கடைசியில் ஜெயில் வேண்டாம், நேரில் வந்து பகிரங்க மன்னிப்புக் கேட்டால் போதும் என்று பேசி முடிக்கிறார்கள். குடும்பமே விமானம் ஏறுகிறது.

இதன் பின்னால் ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது. 1994இல் சிங்கப்பூரில் கார்களைப் பாழாக்கியதற்காகவும் சாலைப் பலகைகளை வைத்திருந்ததற்காகவும் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞனுக்கு ஆறு பிரம்படி என்று தீர்ப்பானது. அதிபர் கிளிண்டன் தலையிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு அது நான்காகக் குறைந்தது. மே 5 அன்று நிறைவேற்றினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் மாதக்கணக்கில் அதே பேச்சு. அதில் வேடிக்கை, அமெரிக்கர்களிலேயே பலர் ‘சரியான தண்டனைதான்’ என்றார்கள். இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்ட சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்கள் சிங்கப்பூரை ஆஸ்திரேலியாவாக மாற்றினார்கள், பிரம்பு ஒரு ராட்சச பூட்ஸாக மாறியது.

ஏன் மாற்றினார்கள்? ஹாஸ்டலில் இதெல்லாம் தோன்றவில்லை, மைக்கேல் ஃபே யார் என்றே தெரியாது. இப்போது தோன்றுகிறது. சிங்கப்பூர் என்று வைத்திருந்தால் அந்தக் கேலி உடனே இனத்தைப் பற்றியதாகிவிடும். வெள்ளைக்காரன் ஆசியாவில் அடிபடுகிறான் என்ற படத்தில் சிரிப்பு தடுக்கும். ஆஸ்திரேலியன் இங்கிலீஷ் பேசுபவன், வெள்ளைக்காரன், கூட்டாளி நாட்டுக்காரன். அவனைப் பற்றி என்ன பொய் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். நாணயத்துக்கு ‘டாலரிடூ’ என்று பெயர் வைக்கலாம். காபி கேட்டால் பீர்தான் வரும் என்று சொல்லலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து கோபமாகக் கடிதங்கள் வந்தன என்பது உண்மைதான். ஆனால் இருபது வருடம் கழித்து, 2015இல், நாட்டு நாணயத்தின் பெயரை நிஜமாகவே ‘டாலரிடூ’ என்று மாற்றச் சொல்லி ஆன்லைனில் ஒரு மனு கிளம்பிப் பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களும் ஆஸ்திரேலியர்கள்தான்.

இன்னொரு விஷயம். லிசா சொன்னதே தப்பு. பூமி சுழல்வதால் உண்டாகும் கொரியோலிஸ் விளைவு புயல்களைச் சுழற்றும், வாஷ்பேசினைச் சுழற்றாது. அங்கே தண்ணீரைத் திருப்புவது தொட்டியின் வடிவமும் குழாயிலிருந்து விழுந்த வேகமும்தான். 1962இல் எம்ஐடியில் ஆஷர் ஷாபிரோ ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்து, அதன்பின் அடைப்பைத் திறந்துதான் இந்த விளைவைப் பார்க்க முடிந்தது. 1965இல் சிட்னியில் அதே சோதனையைச் செய்து எதிர்த்திசையில் சுழல்வதைக் காட்டினார்கள். அவ்வளவு நிதானம் வேண்டும் அதற்கு. ஆக, இரண்டு நாடுகள் மோதிக்கொள்ளும் இந்த முழுச் சண்டைக்கும் மூலகாரணம், வீட்டிலேயே புத்திசாலியான பெண் தன்னம்பிக்கையோடு சொன்ன ஒரு தவறான தகவல். எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. கான்பெராவில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் கழிப்பறைத் தண்ணீரை ‘அமெரிக்கத் திசையில்’ சுழல வைக்க ஒரு பெரிய மெஷினே வைத்திருப்பார்கள். அது கடகடவென்று ஓடித் தண்ணீரைத் திருப்புவதைப் பார்த்து ஹோமர் கண்ணில் நீர் தளும்பத் தேசபக்திப் பாட்டுப் பாடுவான். இல்லாத வித்தியாசத்துக்கு ஒரு மெஷின், அந்த மெஷினுக்கு ஒரு கண்ணீர். சிம்ப்சன்ஸில் தேசபக்தியைப் பற்றி இதைவிட நல்ல காட்சி எனக்கு ஞாபகம் இல்லை.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “அப்பா, அந்த அங்கிளுக்குக் காசு யாருப்பா குடுத்தா?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை! இருபது தடவையாவது பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட எனக்கு இது உறைக்கவில்லை. விவகாரம் பார்ட் கையிலிருந்து அரசாங்கங்கள் கைக்குப் போன நிமிடத்தில் தொள்ளாயிரம் டாலர் காணாமல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஜெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள், மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பூட்ஸா வேண்டாமா என்று பேசுகிறார்கள். பார்ட் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டுவிடுகிறான். சரி, நீ போகலாம், கூடுதல் தண்டனையை மட்டும் வாங்கிக்கொள் என்கிறார்கள். அதுதான் பூட்ஸ். குடும்பம் தப்பித்து ஓடித் தூதரகத்தில் ஒளிகிறது. வெளியே கூட்டம். பிறகு சமரசம்: பிரதமர் தன் சாதாரண ஷூவால், கேட்டுக்கு வெளியே நின்றபடி, ஒரே ஒரு உதை. பார்ட் ஒத்துக்கொண்டு குனிகிறான். பிரதமர் ஓடிவரும்போது சட்டென்று விலகி, கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டுகிறான். அதில் ‘என்னை மிதிக்காதே’ என்று எழுதியிருக்கிறது. அமெரிக்கப் புரட்சிக் கொடியின் வாசகம். தேசிய கீதத்தை முனகியபடி காட்டுகிறான். இவ்வளவுக்கும் நடுவில் புரூனோ என்கிற மனிதன் என்ன ஆனான், போன் கம்பெனிக்கு அவன் எப்படிப் பணம் கட்டினான் என்று கேட்க ஒரு ஒன்பது வயதுப் பெண் வேண்டியிருந்தது.

இந்த எபிசோட் அமெரிக்கன் வெளிநாட்டில் செய்யும் அசட்டுத்தனங்களைப் பற்றியது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு இது மன்னிப்பைப் பற்றிய கதையாகத்தான் தெரிகிறது. மன்னிப்பை ஒரு சடங்காக நடத்தி முடித்துவிட்டால் கடனைத் திருப்பித் தரவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது, கேட்பவனுக்கும் கேட்க வைப்பவனுக்கும்.

இப்போது அந்த வரி. புரூனோ போனில் கத்தும்போது பார்ட் சொல்வான்: உன் குழந்தையை டிங்கோ தின்கிற சத்தம் கேட்கிறதே. டிங்கோ என்பது ஆஸ்திரேலியக் காட்டு நாய். ஹாஸ்டலில் நாங்கள் அதிகம் சிரித்தது இதற்குத்தான். யாரையாவது வெறுப்பேற்ற வேண்டுமென்றால் இந்த வரியை எடுத்துவிடுவோம். மெல்பர்ன் வந்த புதிதில், ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேஜையில், நானும் உங்களில் ஒருத்தன்தான் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் அதே வரியை அதே குரலில் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த, அறுபதை நெருங்கிய அம்மா ஒருத்தர் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு, “அது நிஜக் குழந்தை, தெரியுமில்லையா?” என்றார். கோபமாகக்கூட இல்லை, தகவல் சொல்வது போல.

1980 ஆகஸ்டில் உலுரு பாறையருகே கூடாரம் போட்டுத் தங்கியிருந்த லிண்டி சேம்பர்லினின் ஒன்பது வாரக் குழந்தை காணாமல் போனது. டிங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று கத்தினார். நம்பவில்லை. அழவேண்டிய அளவு அழவில்லை என்பதே ஒரு குற்றமாகிவிட்டது. 1982இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை. 1986இல் குழந்தையின் மேல்சட்டை கிடைத்த பிறகுதான் வெளியே விட்டார்கள். 1988இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று இறப்பு விசாரணை அதிகாரி எழுதியது 2012இல். அவர் அன்று நீதிமன்றத்தில் அந்தப் பெற்றோரிடம் வருத்தம் தெரிவித்தார். முப்பத்திரண்டு வருடம். அதற்கு நடுவில் 1995இல் இந்த வரி உலகம் பூராவும் சுற்றி, கோயம்புத்தூரில் ஒரு கட்டில் வரை வந்து, எங்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இதற்காக எழுத்தாளர்களைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. அந்த வரியைச் சொல்வது யார் என்று பாருங்கள். தப்புச் செய்துவிட்டு, ‘நீ ஆஸ்திரேலியாவில் இருக்கிறாய், என்னை என்ன செய்ய முடியும்’ என்ற தைரியத்தில் பேசும் பத்து வயதுப் பையன். தூரம் கொடுக்கிற திமிர் அது. எழுத்தாளர்கள் அந்தத் திமிரைத்தான் காட்டுகிறார்கள் என்று வாதாடலாம். நானும் கொஞ்ச நாள் அப்படி வாதாடினேன். ஆனால் நாங்கள் சிரித்தது பார்ட்டைப் பார்த்து அல்ல, பார்ட்டோடு சேர்ந்து. அதை மறைப்பதற்கில்லை.

அதே நான்தான் வேறொரு பாத்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சுளிப்பவன். சிம்ப்சன்ஸில் கடை நடத்தும் அப்பு 1990லிருந்து இருக்கிறார். குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா, வெள்ளைக்காரர். ஹாஸ்டலில் அப்புவைப் பார்த்து “நம்மூர்ல எவன்டா இப்படிப் பேசறான்?” என்று சிரித்தோமே தவிர, அது எங்களைப் பற்றியது என்றே தோன்றவில்லை. இங்கே வந்து முதல் வருடம் ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்தேன். பத்து மணிக்கு மேல் வரும் பையன்கள் சில்லறையை வாங்கிக்கொண்டு அப்புவின் குரலில் ‘தேங்க் யூ, கம் அகைன்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது கார்ட்டூன். எனக்கு அது ராத்திரி டியூட்டி. டிங்கோ வரியைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னதும் இதே காலத்தில்தான் என்பதை நான் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை.

தன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது சிம்ப்சன்ஸ் என்ன செய்தது? 2002இல் குடும்பம் பிரேசில் போகும் எபிசோடில் ரியோ நகரத்தைத் தெருவெல்லாம் எலியும் குரங்கும் கடத்தல்காரர்களுமாகக் காட்டினார்கள். அந்த ஊர்ச் சுற்றுலாத் துறை வழக்குப் போடுவோம் என்றது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு, இது போதாதென்றால் பிரேசில் அதிபரோடு குத்துச்சண்டை போட ஹோமர் தயார் என்று சேர்த்துக்கொண்டார். குனிந்துவிட்டுக் கால்சட்டையை இறக்குவது! 2017இல் ஹரி கொண்டபோலு அப்புவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது, அடுத்த வருடம் ஒரு எபிசோடில் லிசாவையே கேமராவைப் பார்த்துப் பேச வைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் ரசித்தது இன்று தவறாகிவிட்டது, என்ன செய்வது என்கிற தொனியில். பக்கத்தில் அப்புவின் படம். தண்ணீர் விஷயத்தில் தப்பாகச் சொன்ன அதே லிசா. பிறகு அசாரியா 2020இல் அந்தக் குரலைக் கைவிட்டார். 2021இல் ஒவ்வொரு இந்தியரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருக்கிறது என்கிற மாதிரிப் பேசினார். ஜோக் சேர்க்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. பெட்ரோல் பங்கில் என்னோடு வேலை பார்த்த பஞ்சாபி நண்பனுக்குப் போதவில்லை. “காசு அவன்தானே சம்பாதிச்சான்?” என்றான். மகள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

இவ்வளவு சொன்னபிறகும் இது என் பிரிய எபிசோட்தான். காரணம் தவளை. விமான நிலையத்தில் இறங்கியதும் வெளிநாட்டு உயிரினம் எதையும் உள்ளே கொண்டுவரக்கூடாது என்று அறிவிப்பு. பார்ட் தான் கொண்டுவந்த தவளையை, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று, அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். அது தப்பித்துவிடுகிறது. அதன் பிறகு மேலே மன்னிப்பு நாடகம் நடந்துகொண்டிருக்க, பின்னணியில் இரண்டு, பத்து, ஆயிரம் என்று தவளைகள். கடைசியில் வயலே இல்லை. கதையில் யாரும் இதை விசாரிக்கவில்லை, குற்றம் சாட்டவில்லை. பார்ட் செய்ததிலேயே பெரிய நாசம் இதுதான், அது அவனுக்குத் தெரியவே தெரியாது.

ஹாஸ்டலில் இதை நாங்கள் சும்மா கார்ட்டூன்தனம் என்று எடுத்துக்கொண்டோம். கரும்புத் தேரையின் கதை தெரிந்த பிறகு அப்படிப் பார்க்க முடியாது. 1935இல் கரும்பை அரிக்கும் வண்டுகளைத் தின்னும் என்று ஹவாயிலிருந்து நூற்றுச் சொச்சம் தேரைகளைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது, தேரையோ தரையில். வண்டு அப்படியே இருக்க, தேரை கோடிக்கணக்கில் பெருகி மேற்கே மேற்கே போய்க்கொண்டே இருக்கிறது. அதைத் தின்கிற பாம்பும் உடும்பும் விஷத்தில் சாகின்றன. அதற்கும் முன்னால் 1859இல் விக்டோரியாவில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஒரு பண்ணையார் அவிழ்த்துவிட்ட இரண்டு டஜன் முயல். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அம்மா முதல் தடவை இங்கே வந்தபோது பையில் ஈரத்துணியில் சுற்றிய கருவேப்பிலை. அதிகாரி மரியாதையாக வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். கார் வரை அம்மா புலம்பிக்கொண்டே வந்தார்: “நாலு இணுக்கு கருவேப்பிலைல உங்க நாடு என்னடா அழிஞ்சிடப் போவுது?” எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற ஒரு பூச்சிக்குக் கருவேப்பிலைச் செடி ரொம்பப் பிடித்த இடம் என்று நான் பிறகு படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். “அப்படியா” என்றார். அடுத்த தடவை காயவைத்துப் பொடி பண்ணிக்கொண்டு வந்தார், கார்டில் டிக் அடித்து, காட்டிவிட்டு.

எபிசோடின் கடைசியில் தூதரகத்திலிருந்து குடும்பம் ஹெலிகாப்டரில் தப்புகிறது. சைகோன் வீழ்ந்தபோது ஹெலிகாப்டரில் ஆட்களை வெளியேற்றியதை நினைவுபடுத்துவது போல வரைந்திருக்கிறார்கள். கீழே தவளைகள் மொய்த்த வயலைப் பார்த்து, அந்நிய உயிரினத்தைக் கொண்டுவந்து விட்டால் இப்படித்தான் ஆகும் என்று லிசா விளக்குகிறாள். இந்தத் தடவை அவள் சொல்வது சரி. அப்போது கேமரா மெதுவாக விலகுகிறது. ஹெலிகாப்டரின் அடிக்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, அமெரிக்காவை நோக்கி, ஒரு கோவாலா.